பலூன் ஏன் சிவப்பானது?

1983-இல் மேற்கு ஜெர்மனியின் நேனா குழு வெளியிட்ட '99 லுஃப்ட்பலோன்ஸ்' பாட்டில் பலூன்களுக்கு நிறம் கிடையாது. கெவின் மெக்அலே எழுதிய ஆங்கில வடிவத்தில் அவை சிவப்பு. அப்படி ஆனதில் தாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

'நொய்ன்-உண்ட்-நொய்ன்-ட்ஸிஷ் லுஃப்ட்-ப-லோன்ஸ்': ஏழு அசை, ஒன்று விட்டு ஒன்றில் அழுத்தம். அதையே ஆங்கிலத்தில் 'நைன்-டி-நைன் ப-லூன்ஸ்' என்றால் ஐந்துதான். எண்ணிக்கை குறைந்தால்கூடச் சமாளிக்கலாம், ஓர் அசையை இழுத்துப் பாடினால் போதும். ஆனால் 'லுஃப்ட்' விழுகிற பலமான தட்டில் அந்த மெலிந்த 'ப' வந்து விழும். நம் யாப்பு குறில், நெடில் பார்க்கும். ஆங்கிலக் காது அழுத்தத்தைத்தான் பார்க்கும். அழுத்தம் இடம் மாறினால் தெரிந்த சொல்லே கோணலாகக் கேட்கும். 'ரெட்' ஓரசைச் சொல், முழு அழுத்தம் தாங்கும். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அடுத்த சிக்கல் உச்சஸ்தாயியில் வரும். ஒவ்வொரு உயிரொலிக்கும் வாயும் தொண்டையும் சேர்ந்து சில அதிர்வெண்களை வலுப்படுத்தும். 'ஈ'க்கு அதில் முதலாவது சுமார் 300 ஹெர்ட்ஸ். 'ஆ'வுக்கு 700-க்கும் மேல். பெண் குரல் 500 ஹெர்ட்ஸுக்கு ஏறும்போது 'ஈ'யின் அந்த வலு கீழேயே நின்றுவிடுகிறது. பாடகர் வாயை அகலத் திறந்து சரிக்கட்டுவார், சொல் மழுங்கும். அதனால்தான் நீண்டு ஒலிக்கும் உச்ச இடங்களில் 'ஆ' போன்ற திறந்த ஒலி கிடைத்தால் பாட்டெழுதுபவருக்கு நிம்மதி.

சரி, பொருள்? பாடும் வசதி, பொருள், இயல்பு, தாளம், எதுகை ஆகிய ஐந்தையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும், எதையும் முழுதாகப் பிடித்துத் தொங்கக் கூடாது என்கிறார் பாடல் மொழிபெயர்ப்பை ஆராய்ந்த பீட்டர் லோ. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஜெர்மன் பாட்டு, 'நேரம் இருக்கிறதா, ஒரு பாட்டுச் சொல்கிறேன்' என்று தொடங்கும். மெக்அலே அதை விட்டுவிட்டு, இருவர் பொம்மைக் கடையில் பலூன் வாங்குவதாகத் தொடங்கினார். பலூன்களைப் பார்த்து மிரண்டு ராணுவம் போரில் இறங்கும் கதையை மட்டும் விடவில்லை.

1984-இல் ஆங்கில வடிவம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவிலோ இரண்டாம் இடம் வரை ஏறியது ஜெர்மன் மூலப் பாட்டுதான்.