கைகொடுக்க ஆள் இல்லாத ஜிம்

நான் இயன்முறை மருத்துவர். வீட்டில் ஜிம் வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு மூன்று வயதுச் சிறுமியின் வலது கை. அப்பா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தார். பின்பக்கமாக வந்தவள் ஓடும் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். விரல்கள் பெல்ட்டின் அடியில் மாட்டிக்கொண்டன. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளங்கைத் தோல் உராய்ந்து, தீயில் வெந்ததுபோல ஆழமாகப் போய்விட்டது. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டி, காயமும் ஆறிய பிறகுதான் என்னிடம் வந்தாள். அப்போது தழும்பு இறுகி மூன்று விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. மாதக்கணக்கில் இரவில் விரல்களை நீட்டிவைக்கும் ஸ்ப்ளின்ட், பகலில் நீட்டும் பயிற்சி. குழந்தை வளர்கிற வேகத்துக்குத் தழும்பு ஈடுகொடுக்காது என்பதால் சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

அபூர்வமான விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் உடற்பயிற்சி இயந்திரங்கள் விற்கும் பெலோட்டான் நிறுவனம் ஒரே மாடலில் சுமார் 1,25,000 ட்ரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. பெரியவர்கள், பிள்ளைகள், வளர்ப்புப் பிராணிகள், பொருட்கள் என எதையாவது இயந்திரம் அடியில் இழுத்துக்கொண்டதாக 72 புகார்கள் வந்திருந்தன. ஒரு குழந்தை இறந்தும் போனது. எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் சுழல்கிற பெல்ட் பக்கத்தில் வருவதை இழுக்கத்தான் பார்க்கும்.

ஆகவே ட்ரெட்மில்லை வாங்குவதற்கு முன், அதை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று முடிவு செய்யுங்கள். நிறைய வீடுகளில் சுவரைப் பார்த்துப் போடுகிறார்கள். ஓடுபவர் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். கதவு கண்ணில் படும்படி திருப்பிப் போடுங்கள். பின்னால் 2 மீட்டராவது காலியாக இருக்கட்டும். பின்சுவர் நெருக்கமாக இருந்தால், தடுக்கி விழுபவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வார். சட்டையில் மாட்டச் சொல்லிக் கொடுக்கும் அந்தச் சின்னச் சாவியை, இழுபட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடும் அதை, மாட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பொது ஜிம்மில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி வீட்டில் அடுக்கிவிடலாம். அங்கே சுற்றி நிற்கிற மனிதர்களை மட்டும் வாங்க முடியாது. இரு முனையிலும் எடைத் தட்டு (பிளேட்) மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்லின் அடியில் நீங்கள் திணறினால் அங்கே இரண்டு பேராவது ஓடி வருவார்கள். வீட்டில் அந்த வேலையை இரும்பைத்தான் செய்ய வைக்கவேண்டும்.

தனியாகப் பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து பார்பெல்லை மார்பிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி, செய்பவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத விஷயம், பார்பெல்லை வைக்கும் இரும்புச் சட்டகமான ரேக்கின் இரு பக்கமும், தவறினால் தாங்க மாட்டும் சேஃப்டி பார். இருந்தும் பலர் அதன் உயரத்தைச் சரியாக வைப்பதில்லை. மார்பை நிமிர்த்தி, முதுகை லேசாக வளைத்துப் படுத்த நிலையில் பார்பெல் மார்பைத் தொடவேண்டும், சேஃப்டி பாரில் இடிக்கக்கூடாது. அதே ஆள் மூச்சை விட்டு முதுகைத் தட்டையாக்கினால் பார்பெல் சேஃப்டி பாரின்மேல் உட்கார்ந்துவிட வேண்டும்; கழுத்து அதற்குக் கீழே இருக்கவேண்டும். இதை வெறும் பார்பெல்லை வைத்துச் சோதித்துப் பார்த்து, ரேக்கில் சேஃப்டி பார் மாட்டிய துளைகளில் பெயின்ட்டால் அடையாளம் போட்டுவிடுங்கள். ரேக் வாங்க வசதியில்லையா? சரி, பார்பெல்லையே விட்டுவிடுங்கள். இரண்டு டம்பெல் போதும், முடியவில்லை என்றால் பக்கவாட்டில் இறக்கிவிடலாம். கட்டைவிரலைச் சுற்றிப் போடாமல் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பார்பெல் உள்ளங்கையிலிருந்து உருண்டால் வந்து விழுவது மார்பில்தான்.

அப்புறம் அளவு. ஒலிம்பிக் பார்பெல் 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம். இரண்டு முனையிலும் நின்று பிளேட் மாட்டிக் கழற்ற ஆளுக்கு இடம் வேண்டுமே. 3 மீட்டருக்குக் குறைந்த அகலத்தில் அது தினசரிச் சண்டை. உயரத்தை யாரும் அளப்பதே இல்லை. கையில் ஒரு குச்சியைப் பிடித்துத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கி நில்லுங்கள். தரையிலிருந்து குச்சி வரை அளந்து, அதோடு கால் மீட்டர் சேருங்கள். பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதாவது பாதி பிளேட் குச்சிக்கு மேலே போகும். அந்த இடத்தில் மின்விசிறி இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுவது பரவலான வழக்கம். சும்மா நிற்கும் ரேக் பெரும்பாலும் தொந்தரவு தராது. இடுப்பு உயரத்திலிருந்து பார்பெல்லைப் போடுவதுதான் தொந்தரவு. மாடியில் குடியிருப்பவர் கனமான ரப்பர் மேட் போட்டாலும் எடையைக் கையால் இறக்கிவைக்கப் பழகவேண்டும். எத்தனை கிலோ வரை போகலாம் என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள், என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு அறை நிறைய வாங்கவேண்டுமோ என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், கூடவே 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. முதல் பகுதிக்கு நடக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு எடை மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல், ஆடாத பெஞ்ச், ஒரு மேட், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்ட். மூன்று மாதம் விடாமல் செய்தபின் எது போதவில்லை என்று உங்கள் உடம்பே சொல்லும், அப்போது வாங்கலாம். திருகி மாட்டும் டம்பெல்லில் பிளேட்டைப் பிடித்துவைக்கும் காலர் பயிற்சியின் நடுவே தானாகத் தளரும், ஒவ்வொரு செட்டுக்கு முன்னும் ஒரு முறுக்கு முறுக்குங்கள். பேண்ட் வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும். இழுத்துப் பிடித்திருக்கும்போது அறுந்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

கதவு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது, ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆனால் பெரியவர்கள் வர முடியவேண்டும். உள்தாழ்ப்பாள் போட்டால் இரண்டாவது நடக்காது. வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டாக மாற்றி, சாவியை வீட்டிலுள்ள இன்னொருவரிடம் கொடுத்துவையுங்கள். அலைபேசியை அலமாரியில் சார்ஜ் போட்டுவிட்டுப் பெஞ்சில் படுக்காதீர்கள். படுத்தபடியே கைக்கு எட்டும் தூரத்தில், தரையில் கிடக்கட்டும்.