பாலாற்றங்கரையில் யார் அந்த ‘மக்கள்’?

இலவசம் கொடுத்தால் அது பாப்புலிசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேலூர் நீதிமன்றத்துக்கு வெளியே டீக்கடையிலும் இதே பேச்சுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1954இல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது நம் குடியாத்தத்தில். அவர் ஆட்சியில் வந்த மதிய உணவு, பசியோடு கிடந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தது. அது மக்கள்நலத் திட்டம். அப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஆகும் செலவு சரியா தப்பா என்று தாராளமாக விவாதிக்கலாம். பாப்புலிசத்தின் அடையாளம் வேறு. ‘நிஜமான மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏய்க்கிற மேல்தட்டு இன்னொரு பக்கம், அந்த மக்களின் குரல் நான் ஒருவன்தான்’ என்கிற பேச்சு அது.

பாப்புலிசம் என்கிற பெயர் பரவியது அமெரிக்காவில். விளைச்சலுக்கு விலை இல்லை, கடன் கழுத்தை நெரித்தது, ரயில் கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தில் கசக்கிப் பிழிந்தன. நொந்துபோன விவசாயிகள் திரண்ட மக்கள் கட்சி, 1892 அதிபர் தேர்தலில் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது. கட்சி நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட வருமான வரியும், செனட்டர்களுக்கு நேரடித் தேர்தலும் 1913இல் அரசியல் சட்டத்தில் ஏறின. ஆக, இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

அப்புறம் அர்ஜென்டினா. அதிபர் பெரோன் ஆட்சியில் 1947இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதே ஆண்டு, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றத்தில் குற்றம்சாட்டிப் பதவி நீக்கினார்கள். உரிமை கொடுத்த அதே ஆட்சிதான் தட்டிக் கேட்கிற கோர்ட்டிலும் கை வைத்தது. வக்கீலாக எனக்கு இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கத் தோன்றுகிறது.

என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தாலே ‘மக்கள்’ ஒரே ஆள் இல்லை என்பது புரியும். வாணியம்பாடி பக்கத்துப் பெரியவர் ஒருவர் பட்டா, அடங்கல் நகலோடு பாட்டிலில் தோல் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்தார். பாட்டிலின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. “தென்னை எல்லாம் போச்சும்மா” என்றார். பி.எஃப். பிரச்சினைக்காக வந்த ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்ணோ, “தோல் கம்பெனிய மூடிட்டா நாங்க எங்க மேடம் போறது?” என்று கேட்டார். இதில் யார் நிஜ மக்கள், யார் எதிரி?

பாலாற்றில் விடப்பட்ட தோல் கழிவுக்கு எதிராக 1991இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு வசதி செய்யாத தோல் கம்பெனிகளை மூட வேண்டும், வசதி செய்து அனுமதி வாங்கினால் திறக்கலாம். தோல் கம்பெனிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், ஆற்றைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். விவசாயி, தொழிலாளி இருவரையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு என்று நான் இதை மதிக்கிறேன். ஆனால் இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் இழுத்தடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்தை நம்பித்தான் ஒருவர் மேடையேறி, “கோர்ட்டாவது கேஸாவது, ஒரே கையெழுத்தில் முடிக்கிறேன்” என்கிறார். கைதட்டல் பறக்கிறது.

சரி, கைதட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: அந்தக் கையெழுத்து எந்தச் சட்டப்படி? அதில் யாருக்கு நஷ்டம்? நஷ்டப்படுகிறவர் எங்கே போய் முறையிடுவது? பதில் வந்தால், திட்டம் பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்து பேசலாம். கேட்டவரையே மக்கள் விரோதி என்றால் உஷாராகிவிடுங்கள். பெரிய தலைவர்களிடம் நேரில் கேட்க நமக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் கிராம சபையில் ஊராட்சித் தலைவரிடம் இதே கேள்விகளைக் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லலாம்.