ஹெல்மெட் என்னும் தலைக்கவசம்: சொல்லும் சரக்கும்

ஹெல்மெட் (பெயர்ச்சொல்): இருசக்கர வண்டி ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும், விழுந்தால் மண்டையில் அடிபடாமலிருக்க அணிவது. தமிழில் தலைக்கவசம். பேச்சில் எல்லோருக்கும் ஹெல்மெட்தான். சாலையோர விழிப்புணர்வுப் பலகைகளில் 'தலைக்கவசம் உயிர்க்கவசம்'.

அகராதிக்கு இவ்வளவு போதும். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்க நினைப்பவருக்குப் போதாது. இரண்டு சொல்லும் போர்க்களத்தில் பிறந்தவை. அதனால்தானோ என்னவோ, கடையில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததும் பலர் செய்கிற முதல் காரியம், விரல் முட்டியால் அதன் வெளி ஓட்டைத் தட்டிப் பார்ப்பது. "நல்லா கெட்டியா இருக்கு" என்று திருப்தியோடு காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். வாளுக்கும் அம்புக்கும் அது சரியான சோதனை. தார்ச்சாலைக்குச் சரியில்லை.

முதலில் ஆங்கிலச் சொல். ஜெர்மானிய மொழிகளில் 'ஹெல்ம்' என்பது போர்வீரனின் தலையணி. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், சிறுமையைக் குறிக்கும் விகுதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு 'சிறிய ஹெல்ம்' என்ற பொருளில் ஹெல்மெட் ஆனது. வில்லியம் என்ற பெயரின் ஜெர்மன் வடிவமான வில்ஹெல்மின் பின்பாதியும் இதே ஹெல்ம்தான். இன்னும் பின்னோக்கிப் போனால், இந்தோ-ஐரோப்பிய வேருக்கு 'மூடு, மறை' என்று பொருள் சொல்கிறார்கள்.

தமிழிலும் அந்த எண்ணம் உண்டு. உடலை மறைத்துக் காப்பது மெய்ம்மறை. பதிற்றுப்பத்து சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறது. அங்கே சான்றோர் என்றால் வீரர்கள். அந்த வழியில் தலைக்கு ஒரு சொல் ஆக்கினால் 'தலைமறை' என்று வரும். ஆனால் கேட்பவருக்குப் போலீஸ் தேடும் ஆள்தான் நினைவுக்கு வருவார். 'தலைக்காப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். காப்பு என்றதும் கண் கைக்குத்தான் போகிறது.

கவசம் வடசொல்தான். அதற்காகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. சங்கப் பாட்டிலேயே அது குடியேறிவிட்டது. புறநானூற்றின் 13ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மதம்பட்ட யானையின் மேல் வரும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியைக் காட்டி இவன் யாரென்று சொல்கிறார். அவன் மார்பில் இருப்பது 'புலிநிறக் கவசம்', அதுவும் அம்புகள் பாய்ந்து கிழிந்த கவசம். நமக்குத் தெரிந்த மிகப் பழைய கவசங்களில் ஒன்று, அடியைத் தான் வாங்கிக்கொண்டு சிதைந்த கவசம். (ஊர்தி கட்டுக்கடங்காமல் ஓடும்போது மேலே இருந்தவர் கவசத்தோடு இருந்தார் என்பதையும் கவனிக்கலாம்.) ஆகவே தலைக்கவசம் என்ற சொல்லே இருக்கட்டும். நிலைத்துவிட்ட சொல், பொருளும் பொருந்துகிறது.

பைக் ஹெல்மெட்டின் சொந்த வரலாறு 1914இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், கித்தான் துணியை அரக்கு பூசி இறுக்கி ஒரு தலையணி செய்ய வைத்தார். அந்த ஆண்டே மான் தீவின் 'டிடி' பைக் பந்தயத்தில் அது கட்டாயமானது. 1935 மே மாதம் டி. இ. லாரன்ஸ், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று அறியப்பட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தலைக்காயத்தால் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவர் பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதும் அதே ஆண்டில்தான்.

இதுவரை எல்லாம் ஓடுதான். 1953இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் லம்பார்டின் வடிவமைப்பில்தான் ஓட்டுக்குள்ளே நசுங்கும் பொருள் ஒன்று வந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது தெர்மோகோல். ஆம், டிவி பெட்டிக்குள் முட்டுக்கொடுத்து வரும் அதே இனம். அடர்த்தி மட்டும் கணக்குப்பார்த்து வார்க்கப்பட்டது. தரையில் மோதும்போது ஓடு அடியைப் பரப்பிக்கொடுக்கிறது, கூர்மையான கல்லை உள்ளே விடாமல் தடுக்கிறது. தலை சட்டென்று நிற்காமல், நசுங்கி இடம்கொடுத்து அதன் வேகத்தைக் குறைப்பது தெர்மோகோல். நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப எழாது. அதனால் ஒருமுறை தலையோடு சேர்ந்து அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும் இருந்தாலும், மாற்றத்தான் வேண்டும். பிறர் போட்டுக் கழித்ததை வாங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

எனவே தட்டிப் பார்ப்பதை விட்டு உள்ளே பாருங்கள். உள்துணியின் ஓரத்தை விலக்கினால் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெர்மோகோல் சுற்றிலும் கனமாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் ஓடும் ஸ்பாஞ்சும் மட்டும் இருந்தால் அது அபராதத்துக்குப் போடும் தொப்பி. இதற்கான இந்தியத் தர நிலையின் பெயர் ஐ.எஸ். 4151 என்பது; 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை இங்கே தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரையை ஒட்டுவது பெரிய வித்தையில்லை என்பதால், அதோடு உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது அளவு. பணத்தைவிட இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சேர்த்து, தையல்காரர் நாடாவால் சுற்றளவு எடுங்கள். அந்த எண் ஒரு தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் மண்டைகளில் உருண்டையும் உண்டு, முன்பின் நீண்டதும் உண்டு. புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்த வேண்டும். பேசும்போது கன்னச்சதை பல்லில் படும் அளவுக்கு இருந்தாலும் பரவாயில்லை, பஞ்சு சில வாரங்களில் படிந்துவிடும். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அது படியாது, வேறு மாடலைப் பாருங்கள். தலையை இடவலமாக ஆட்டினால் நெற்றித்தோலும் கூடவே அசைய வேண்டும். கடைசியாக, ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டுப் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வேண்டாம். கண்ணாடி அணிபவர் அதோடு போட்டுப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் தலையிலேயே வைத்திருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் எளிதாகவே அமைகின்றன: முழுமுகக் கவசம், திறந்தமுகக் கவசம், அரைக்கவசம். ஊருக்குள் ஓட்டுவதற்கும் என் தேர்வு முழுமுகம்தான். வெயிலில் வேகும் என்பது உண்மை. காற்றுத் துளைகள் திறந்து மூடும்படி இருப்பதை வாங்கினால் ஓரளவு தாங்கலாம். தாடையும் முகமும் தரையில் படுவதற்கு நெடுஞ்சாலை வேகம் தேவையில்லை. வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறக்கிவிடும் கண்ணாடி, நிறமில்லாததாக இருக்கட்டும்; கறுப்பு வைசர் பகலில் அழகு, இரவில் பள்ளமும் தெரியாது.

சட்டத்துக்கும் ஒரு சொல் விளக்கம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 129ஆம் பிரிவு 'காப்புத் தலையணி' என்ற பொருளில் ஒரு தொடரைப் பயன்படுத்தி, அதற்கு இலக்கணமும் வகுத்தது: வடிவம், பொருள், கட்டுமானம் இவற்றால் நியாயமான அளவு பாதுகாப்புத் தர வேண்டும்; பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் மீறினால் 1,000 ரூபாய் அபராதம், உரிமம் 3 மாதம் போகும். அந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் முழங்கையில் மாட்டியது, பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்கார்ந்திருப்பது, பட்டை காற்றில் ஆடத் தலையில் கவிழ்த்தது மூன்றும் ஒரே கணக்கில்தான் வரும்.