காப்புரிமை வேறு, பதிப்புரிமை வேறு

மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் படைப்பைப் படியெடுக்கும் உரிமையாகிய காப்பிரைட்டுக்கும் ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள், கண்டுபிடிப்பின் மீதான தனியுரிமையாகிய பேட்டன்ட்டுக்கும் ‘காப்புரிமை’ என்றே எழுதுகிறார்கள். மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்ட திறமூல இணையச் சட்டகங்களின், அதாவது இணையதளம் கட்ட உதவும் ஆயத்த நிரல்தொகுப்புகளின், உரிமங்களை விளக்கும் கட்டுரைகளில் இரண்டும் ஒரே பத்தியில் வந்து விழுகின்றன. எது எதைக் குறிக்கிறது என்று வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உரிமம் பற்றிய எழுத்தில் ஊகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

உரிமை ‘உரி’ என்ற அடியில் பிறந்த பழஞ்சொல். ஒருவருக்கு உரியது உரிமை. உரியவர் பிறருக்குத் தரும் அனுமதி உரிமம். ஓட்டுநர் உரிமம் என்று சொல்லிப் பழகிய பின் இதில் யாருக்கும் குழப்பமில்லை. பேட்டன்ட் ‘திறந்திருத்தல்’ என்ற பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது. அரசர் முத்திரையிட்டு, எவரும் படிக்கும்படி திறந்தே விடுத்த ஆணைக் கடிதத்தைக் குறித்தது. காப்பிரைட் படியெடுக்கும் உரிமை. 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை நூலாசிரியருக்கு உரியதாக்கியது.

இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இணையப் பக்கங்களின் முகப்பை அமைக்க உதவும் ரியாக்ட்டின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஃபேஸ்புக் 2013இல் ரியாக்ட்டை அப்பாச்சி 2.0 என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டது. 2014 அக்டோபரில் பி.எஸ்.டி. என்ற இன்னொரு திறமூல உரிமத்துக்கு மாற்றி, பேட்டன்ட்டுகளைப் பற்றித் தனிக் கோப்பு ஒன்றையும் சேர்த்தது. ரியாக்ட்டைப் பயன்படுத்துவோருக்குத் தன் பேட்டன்ட்டுகளையும் பயன்படுத்த அனுமதி உண்டு, ஆனால் ஃபேஸ்புக்கின் மீது யாரேனும் பேட்டன்ட் வழக்குத் தொடுத்தால், அந்த வழக்குக்கும் ரியாக்ட்டுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், அவருக்கு அந்த அனுமதி தானாகவே முடிந்துவிடும் என்றது அந்தக் கோப்பு. நிரல்வரிகளைப் படியெடுக்க பி.எஸ்.டி. தரும் அனுமதியோ அப்போதும் நீடிக்கும்.

2017 ஜூலையில் திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை, பி.எஸ்.டி. உரிமமும் பேட்டன்ட் கோப்பும் சேர்ந்த இந்த இணைப்பைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் வைத்தது. ஆகஸ்டில் ஃபேஸ்புக் உரிமத்தை மாற்ற மறுத்தது. செப்டம்பர் நடுவில் வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் நிறுவனர்களில் ஒருவரான மேட் மல்லன்வெக் ரியாக்ட்டைக் கைவிடப் போவதாக அறிவித்தார். அந்த மாதம் 22ஆம் தேதி ஃபேஸ்புக் இறங்கிவந்தது. சில நாட்களில் வெளியான ரியாக்ட் 16 எம்.ஐ.டி. என்ற திறமூல உரிமத்தில் வந்தது.

இந்தக் கதையின் முடிச்சே ஒன்று நீடிக்கும், மற்றொன்று முடிந்துவிடும் என்பதில்தான் இருக்கிறது. இரண்டையும் காப்புரிமை என்று எழுதினால் முடிச்சு காணாமல் போய்விடுகிறது. நிரலாளர்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது.

காப்பிரைட்டுக்குக் காப்புரிமை என்ற வழக்கம் எப்படி வந்திருக்கும்? ஓசைதான் காரணம் என்று நினைக்கிறேன். காப்பிரைட், காப்புரிமை இரண்டும் காதுக்கு உறவுபோல ஒலிக்கின்றன. ஆனால் காப்பு என்பது ‘கா’ என்ற வினையடியில் பிறந்தது. காப்புக் கட்டுதலில் இருப்பதும் அதுவே, காப்பீட்டில் இருப்பதும் அதுவே. படியெடுத்தலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சட்டம் எதைத்தான் காக்கவில்லை? வணிகக் குறியையும் காக்கிறது, வடிவமைப்பையும் காக்கிறது. ‘காக்கும் உரிமை’ என்ற பொருளை மட்டும் வைத்து இது காப்பிரைட்டுக்கே உரியது என்று வாதிட முடியாது.

செய்தித்தாள்களில் காப்புரிமை என்ற சொல் பேட்டன்ட்டுக்கு வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் மஞ்சளுக்குத் தந்த பேட்டன்ட் 1997இல் ரத்தான செய்தியை நாம் காப்புரிமை என்ற சொல்லோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். அங்கேயே அது இருக்கட்டும். சிலர் அதை விலக்கிப் ‘புனைவுரிமை’ என்கிறார்கள். புனைவு என்றால் இன்று கதை, கற்பனை. ஒரு பொறியாளரின் கண்டுபிடிப்பைப் புனைவு என்பது பொருத்தமே இல்லை. ஐயம் வரும் இடத்தில் முதல் தடவை ‘கண்டுபிடிப்புக் காப்புரிமை’ என்று விரித்து எழுதினால் போதும்.

காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமைதான் சரி. அச்சுப் புத்தகத்துக்குரிய சொல், நிரலுக்குப் பொருந்தாது என்பவர்களை நான் ஏற்கவில்லை. பதித்தல் அச்சோடு நிற்பதில்லை; கல்லில் பதிக்கலாம், நாடாவில் பதியலாம், வட்டில் பதியலாம். எழுதிப் பதிந்த வடிவத்தைக் காப்பதுதான் பதிப்புரிமையின் வேலை. உங்கள் நிரலை ஒரு வரிகூடப் பார்த்து எழுதாமல் நீங்களே எழுதியிருந்தால் பதிப்புரிமைச் சிக்கல் வராது. ஆனால் அதில் உள்ள வழிமுறை பிறருடைய காப்புரிமைக்குள் வந்தால், ஒவ்வொரு வரியும் உங்களுடையதாக இருந்தும் வழக்கு வரலாம்.

உரிமக் கோப்பைத் தமிழாக்குகிறவர்களிடம் இன்னொரு மனக்குறையும் உண்டு. பேட்டன்ட் கிரான்ட் என்பதைக் ‘காப்புரிமை மானியம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மானியம் உரத்துக்கும் எரிவாயுவுக்கும் அரசு தருவது. இங்கே நடப்பது காப்புரிமையைப் பயன்படுத்த அனுமதி வழங்குதல். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. வாக்கியம் யாருக்கு எதைத் தருகிறது என்று பார்த்த பிறகே சொல்லைத் தேட வேண்டும்.

கணினி நிரலுக்கு அந்த நிலையிலேயே காப்புரிமை இல்லை என்கிறது இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(கே). ஆகவே இந்த வேறுபாடு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் எழுதும் நிரல் அமெரிக்க வாடிக்கையாளரின் தளத்தில் ஓடுகிறதே, அங்கே காப்புரிமை வழக்கு உண்டே. ஒரு சட்டகத்தைத் தேர்வு செய்யும்போது எம்.ஐ.டி. உரிமத்தில் காப்புரிமை பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை என்பதையும், அப்பாச்சி 2.0இன் மூன்றாம் பிரிவு காப்புரிமையைப் பயன்படுத்தும் அனுமதியை வெளிப்படையாக வழங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தப் பிரிவிலும் அனுமதி முடிவது உண்டு. ஆனால் அந்த மென்பொருளே தன் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குத் தொடுத்தவருக்கு மட்டும்தான்.