ஃபிஃப்த் வீல் வாங்கப் போகிறீர்களா? பிராண்டை அப்புறம் பார்க்கலாம்

"எந்த கம்பெனி நல்ல கம்பெனி?" எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. டெக்ஸாஸில் ஆர்வி (உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி) பரிசோதகராக வேலை பார்க்கிறேன். வாங்குபவர் பணம் கட்டுவதற்கு முன்னால் வண்டியைக் கூரையிலிருந்து சக்கரம் வரை பார்த்து அறிக்கை கொடுப்பது என் தொழில். பிள்ளைகளோடு நாடு சுற்ற ஆசைப்பட்டு ஃபிஃப்த் வீல், அதாவது பிக்அப் டிரக்கில் மாட்டி இழுக்கும் பெரிய வீட்டு டிரெய்லர், தேடும் நம்மவர்களும் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் போனில் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் "நடுத்தர விலை" என்று சொல்வது, இன்றைய சந்தையில் புதிதாகச் சுமார் 45,000 டாலர் முதல் 75,000 டாலர் வரை போகும் வண்டிகளை.

கம்பெனி கேள்விக்கு நேரான பதில் கிடையாது. அமெரிக்க ஆர்விகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. டீலர் வளாகத்தில் இருபது பெயர்ப்பலகைகள் தெரிந்தாலும் பின்னால் இருப்பது சில பெரிய குழுமங்கள்தான். கீஸ்டோன், ஜேகோ, ஹார்ட்லேண்ட் மூன்றும் தோர் இண்டஸ்ட்ரீஸின் கையில் இருக்கின்றன. ஃபாரஸ்ட் ரிவரை 2005-இல் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கியது. கிராண்ட் டிசைனை 2016-இல் வின்னபேகோ வாங்கியது. அடிச்சட்டம் பெரும்பாலும் லிப்பர்ட் என்ற ஒரே நிறுவனத்தில் இருந்து வருகிறது. ஆக்ஸில், ஃபிரிட்ஜ், ஏசி, ஹீட்டர் எல்லாம் அதே நாலைந்து சப்ளையர்களின் சரக்கு. ஓரிகனில் இருக்கும் நார்த்வுட் போல, ஆர்க்டிக் ஃபாக்ஸ் வண்டிகளுக்குத் தானே சட்டம் செய்துகொள்ளும் கம்பெனிகள் அபூர்வம். கூகர், ஈகிள், ரிஃப்ளெக்‌ஷன் என்று எதை எடுத்தாலும், ஒரே மாடலில் அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு வண்டிகளில் ஒன்று தங்கமாகவும் இன்னொன்று தலைவலியாகவும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டியைத்தான் சோதிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் சோதிக்க வேண்டியது உங்கள் டிரக்கை.

சாதாரண டிரெய்லரை டிரக்கின் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டுவோம். ஃபிஃப்த் வீலுக்கு அந்தக் கொக்கி இல்லை. டிரக்கின் பின்தொட்டிக்குள், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலாக ஹிட்ச் என்ற இணைப்பைப் பொருத்தி, அதில் டிரெய்லரின் கிங்பின் (முன்பக்கம் கீழ்நோக்கி நிற்கும் இரும்பு முளை) உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். ஓட்டும்போது பின்னால் ஆட்டம் குறைவாக இருப்பது இதனால்தான். ஆனால் டிரெய்லரின் எடையில் 20 முதல் 25 சதவீதம் நேராக டிரக்கின் முதுகில் ஏறும். விற்பனையாளர் "உங்க டிரக் 13,000 பவுண்டு இழுக்கும் சார்" என்பார். இழுக்கும், பொய் இல்லை. சுமக்குமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 12,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். கிங்பின் எடை குறைந்தபட்சம் 2,400 பவுண்டு. ஹிட்ச் ஒரு 150. நாலு பேர் குடும்பம், ஒரு 600. மொத்தம் 3,150. இப்போது டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். "ஹாஃப் டன்" என்று சொல்லப்படும் எஃப்-150, ராம் 1500 வகை டிரக்குகளில் பெரும்பாலும் அது 1,500-க்கும் 1,900-க்கும் நடுவில் இருக்கும். அதற்கு அடுத்த பெரிய வகையான "முக்கால் டன்" டீசல் டிரக் பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் டீசல் எஞ்சினின் சொந்த எடையே அதிகம் என்பதால் ஸ்டிக்கரில் 2,000, 2,500 என்று நின்றுவிடுவது உண்டு. இந்த டிரெய்லருக்கு அதற்கும் மேலான "ஒரு டன்" டிரக் வேண்டும் (இந்த டன் எல்லாம் வகைப் பெயர்தான், உண்மையான சுமை ஸ்டிக்கரில் இருப்பது). "ஹாஃப் டன் டிரக்கே இழுக்கும்" என்று விளம்பரப்படுத்தும் சின்ன ஃபிஃப்த் வீல்களிலும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிரசுரத்தில் போட்டிருக்கும் கிங்பின் எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது காலி வண்டியின் எடை. பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் பல மாடல்களில் முன்பக்கம்தான் இருக்கின்றன. பெரிய சாமான் அறையும் அங்கேதான். அங்கே நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பெட்டியும் கிங்பின்னை அழுத்தும். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஏற்றி எடை பாருங்கள். செலவு மிகக் குறைவு. டிரக்கின் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லரின் ஆக்ஸில்கள் என்று எடை தனித்தனியாகச் சீட்டில் வரும். எடை மீறிய வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும். உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகள். இந்த விஷயத்தில் யாருக்காகவும் நான் வளைந்து கொடுப்பதில்லை.

சரி, டிரக் கணக்கு முடிந்தது. புதிதா, பழையதா?

என் கருத்து இதுதான்: நடுத்தர பட்ஜெட் என்றால் மூன்று முதல் ஆறு வயதான, ஒரே உரிமையாளர் கையில் ஒழுங்காக இருந்த வண்டி நல்லது. புது வண்டி முதல் வருடத்திலேயே விலையில் பெரிய பங்கை இழந்துவிடும். கடனோ பத்து, பதினைந்து வருடம் ஓடும். நடுவில் விற்க நினைத்தால், வண்டியின் விலையைவிட வங்கிக்குக் கட்ட வேண்டியது அதிகமாக இருக்கும். அதோடு புது ஃபிஃப்த் வீலில் முதல் வருடம் சின்னச் சின்னக் குறைகள் வந்துகொண்டே இருக்கும்: கதவு பொருந்தாது, குழாய் இணைப்பு கசியும், ஸ்லைடு-அவுட் (நிறுத்திய பிறகு வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி) கோணலாக ஓடும். முந்தைய உரிமையாளர் அதையெல்லாம் சரிசெய்து, ரசீதுகளை ஒரு ஃபைலில் வைத்திருந்தால் அந்த ஃபைலுக்கே தனி மதிப்பு உண்டு. "நாங்க வாங்கி ரெண்டு தடவைதான் எடுத்தோம், அப்படியே புதுசா இருக்கு" என்பதைப் பலர் நல்ல செய்தியாகக் கேட்கிறார்கள். எனக்கு அது எச்சரிக்கை மணி. வெயிலில் சும்மா நின்ற வண்டியில் சீலண்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வெடித்திருக்கும், டயர் உள்ளுக்குள் செத்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும்.

2021, 2022 தயாரிப்புகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் ஆர்வி கேட்டார்கள். 2021-இல் மட்டும் தொழிற்சாலைகளில் இருந்து 6 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் போயின. அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. ஆள் பற்றாக்குறை, உதிரி பாகத் தட்டுப்பாடு, அவசரம். அந்த வருட வண்டிகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைய பழைய வண்டிச் சந்தையில் அவைதான் நிறைய நிற்கின்றன. பார்க்காமல் வாங்காதீர்கள்.

எதைப் பார்ப்பது? முதலில் ஈரம். ஆர்வியைக் கொல்வது எஞ்சினோ ஆக்ஸிலோ இல்லை, தண்ணீர்தான். கூரையில் ஏசி, காற்றுப் போக்கி, ஏணி என்று ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சீலண்ட் போட்டிருப்பார்கள். 90 நாளுக்கு ஒருமுறை அதைப் பாருங்கள் என்று பல கம்பெனிகளின் கையேட்டிலேயே எழுதியிருக்கும், பார்ப்பவர்கள் குறைவு. மயிரிழை விரிசல் போதும், மரச்சட்டத்துக்குள் வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கும். டெக்ஸாஸில் ஆலங்கட்டி மழை வேறு. கூரையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகள் உடைந்திருக்கும், கீழே இருந்து பார்த்தால் தெரியாது. ஏணி போட்டு ஏறித்தான் ஆக வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது போங்கள். வண்டியின் ஒரு மூலையில் நின்று, கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து, சுவர் நெடுகப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய ஃபைபர் சுவரில் எங்காவது அப்பளம் பொரிந்தது போல உப்பல் தெரிந்தால், உள்ளே பலகை ஊறி ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டுங்கள், அந்த இடத்தில் சத்தம் மாறும். அப்படி ஒரு வண்டி என்றால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அதைச் சரிசெய்யும் செலவு நடுத்தர விலை வண்டிக்குக் கட்டுப்படியாகாது. அடுத்து ஸ்லைடு-அவுட்டை முழுக்க வெளியே தள்ளச் சொல்லி, அதன் தரையின் வெளி மூலைகளைக் கீழே இருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொஞ்சம் அமுங்கினாலும் அழுகல் தொடங்கிவிட்டது. உள்ளே வந்து படுக்கையறை அலமாரியின் மேல் மூலை, சிங்க்கின் அடி, ஷவரைச் சுற்றி ஆகிய இடங்களில் ஈரமானியை வையுங்கள். 30, 40 டாலருக்குக் கிடைக்கும் கருவி போதும். மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. வண்டிக்குள் நுழைந்ததும் ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக அடித்தால், கதவு ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். பூஞ்சை வாடையை ஸ்பிரே ரொம்ப நேரம் மறைக்காது.

இரண்டாவது, அடிச்சட்டம். கிங்பின் தாங்கும் முன்பகுதியில் சட்டம் வளைந்து கொடுப்பது ஃபிஃப்த் வீலுக்கே உரிய நோய். ஒருவர் முன்கால் ஜாக்கை இயக்கி வண்டியை நாலைந்து அங்குலம் ஏற்றி இறக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் சுவரும் சட்டமும் சேரும் கோட்டையே பாருங்கள். இடைவெளி திறந்து மூடினாலோ, அங்கே இருந்து ஃபைபரில் விரிசல் ஓடியிருந்தாலோ, கீழ் விளிம்பில் ஸ்க்ரூக்கள் பிதுங்கியிருந்தாலோ அந்த வண்டி வேண்டாம். விரிசலைப் புதுசாக சீலண்ட் போட்டு மூடியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் சீலண்ட் வெள்ளை வெளேரென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டயரை பட்டனை (தரையில் படும் வரிகளை) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயசாகிச் சாவதுதான் அதிகம். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. சில டயர்களில் அது உள்பக்கம் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் புதிதாக இருந்தாலும் நாலு டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். வெடிக்கும் டயர் தானாக மட்டும் போகாது, சக்கரத்துக்கு மேலே இருக்கும் தரையையும் குழாயையும் பிய்த்துக்கொண்டு போகும்.

மற்றவை இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் குளிர மணிக்கணக்கில் ஆகும், அதனால் முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள். வெந்நீர் ஹீட்டரை கேஸிலும் கரண்டிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவிக்குக் காலாவதித் தேதி உண்டு, அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். தண்ணீரும் மின்சாரமும் இணைக்க வசதி இல்லை என்று விற்பவர் சொன்னால், வசதி வரும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கதவுக்குப் பக்கத்தில் ஆர்விஐஏ (ஆர்வி தயாரிப்பாளர்களின் தொழில் சங்கம்) முத்திரை ஒட்டியிருக்கும். மின்சாரம், கேஸ், தீப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டியதாகக் கம்பெனி உறுதி சொல்கிறது என்பதுதான் அதன் பொருள். மரவேலை நன்றாக இருக்கிறதா, கூரை ஒழுகுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தரச்சான்று போலக் காட்டி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

வாரண்டியையும் படித்துவிட்டு வாங்குங்கள். பல கம்பெனிகள் ஒரு வருடம்தான் தருகின்றன. ஜேகோ இரண்டு வருடம் தருகிறது. கிராண்ட் டிசைன் கட்டமைப்புக்கு மூன்று வருடம் தருகிறது. ஆனால் வண்டியிலேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் பல வாரண்டிகள் செல்லாது. வீட்டிலிருந்து வேலை, வீட்டை விட்டுவிட்டு ஃபிஃப்த் வீலிலேயே இருந்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். குறைபாடுள்ள கார் வாங்கியவர்களைக் காக்கும் சட்டத்தில் இழுவை டிரெய்லர்களைச் சேர்க்காத மாநிலங்களும் இருக்கின்றன.

பழைய வண்டிக்கு டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) வெள்ளம், சால்வேஜ் (பெரிய சேதம்) என்று எதுவும் பதிவாகியிருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருந்து வரும் வண்டி என்றால் அடித்தட்டைக் கொஞ்சம் இறக்கி, உள்ளே சேற்றுக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். வண்டியின் கம்பெனி, மாடல், வருடத்தை மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் தேடினால், ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்தது) இருந்தால் தெரியும், இலவசம்தான்; அது செய்யப்பட்டதா என்று வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்ணை) சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். பரிசோதகரை நீங்களே தேடுங்கள், டீலர் சிபாரிசு செய்பவர் வேண்டாம். என்ஆர்விஐஏ (ஆர்வி பரிசோதகர்களின் தேசியச் சங்கம்) சான்று பெற்றவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள்.

புதிதுதான் வேண்டும் என்றால் அட்டையில் போட்டிருக்கும் விலையைக் கொடுக்காதீர்கள்; அதிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். டெலிவரி நாளன்று மூன்று நாலு மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன எல்லாவற்றையும் புது வண்டியிலும் செய்யுங்கள். குறைகளை எழுதி, டீலரின் கையெழுத்து வாங்கி, அவை சரியான பிறகு நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். முதல் பயணம் தூரமாக வேண்டாம். டீலருக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஸ்டேட் பார்க்கில் இரண்டு மூன்று இரவு தங்கி, குளித்து, சமைத்து, ஏசியை ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஏதாவது நின்றுபோனால் திங்கட்கிழமை காலை வண்டியை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.