தோட்டா உறைக்கும் கைரேகை உண்டு

1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஏறத்தாழ 600 ஏக்கர் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் உள்ள பழைய போர்க்களம் அது. இடுப்பளவு புல்லும் புதரும் சாம்பலானதும், நூறு ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்த தரை வெளியே தெரிந்தது. பூங்கா நிர்வாகம் ரிச்சர்டு ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளரை அழைத்துப் பார்க்கச் சொன்னது. அடுத்த இரண்டு கோடைகளில், 1984லும் 1985லும், தேசியப் பூங்காத் துறையின் டக்ளஸ் ஸ்காட் தலைமையில் பெரிய ஆய்வு நடந்தது. போர்க்களத் தொல்லியல் இன்று ஒரு தனித் துறையாக நிற்பதற்கு அந்த ஆய்வுதான் முக்கியக் காரணம் என்பேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1876 ஜூன் 25 அன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் கஸ்டர் அமெரிக்க ராணுவத்தின் 7வது குதிரைப்படையோடு லகோட்டா, ஷையன் பழங்குடி மக்களின் பெரிய குடியிருப்பைத் தாக்கப் போனார். அவரோடு நேரடியாகச் சென்ற 5 கம்பெனிகளைச் சேர்ந்த சுமார் 210 பேரும் செத்துப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. "அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆளே இல்லை" என்று பல காலம் எழுதி வந்தார்கள். அது உண்மையே இல்லை. எதிரே நின்று போரிட்டவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள், பேசவும் செய்தார்கள். ரெட் ஹார்ஸ் என்ற லகோட்டா வீரர் 1881இல் 42 படங்கள் வரைந்தே காட்டினார். அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

சரி, மண்ணிடம் எப்படிக் கேட்பது? வழக்கமான அகழாய்வு இங்கே உதவாது. ஊர் இருந்த இடமென்றால் அடுக்கு அடுக்காக மண் சேர்ந்திருக்கும். போரோ சில மணி நேரத்தில் முடிந்து, பல கிலோமீட்டருக்குச் சிதறிப் போவது. நாலு குழி வெட்டினால் பெரும்பாலும் வெறும் மண்தான் வரும். அதனால் ஸ்காட் குழுவினர் மெட்டல் டிடெக்டரை எடுத்தார்கள். புதையல் தேடுபவர்களின் கருவி என்று தொல்லியலாளர்கள் பலர் அன்று ஒதுக்கி வைத்திருந்த பொருள் அது.

அதன் வட்டச் சுருளில் மாறுதிசை மின்சாரம் ஓடும்போது, கீழே மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அங்கே ஒரு உலோகத் துண்டு கிடந்தால் அதில் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்த மெல்லிய பதிலைப் பிடித்துத்தான் கருவி ஒலி எழுப்புகிறது. தன்னார்வலர்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து, ஒலி வந்த இடத்தில் கொடி நட்டார்கள். பின்னால் வந்தவர்கள் மெதுவாகத் தோண்டிப் பார்த்து, பொருளை அசைக்காமல் விட்டார்கள். அப்புறம் அளவைக் குழு வந்து அது கிடந்த இடம், ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் குறித்தது. அதற்குப் பிறகே பொருள் பைக்குள் போனது. இப்படிச் சுமார் 5,000 பொருட்கள் கிடைத்தன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. துப்பாக்கியின் விசையை அழுத்தினால் உள்ளே ஒரு ஊசி தோட்டாவின் அடிப்பாகத்தில் குத்தும். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியிலும் செய்யும்போதே விழுந்த நுண்ணிய கீறலும் பயன்படுத்தியதால் வந்த தேய்மானமும் இருக்கும். அவை செப்பு உறையில் அப்படியே பதியும். சுட்டபின் உறையை வெளியே இழுக்கும் கொக்கியும் தன் தடத்தை விடும். பறந்துபோகும் ஈயக் குண்டில் குழலின் உட்புறச் சுருள் பள்ளங்கள் கோடு போடும். ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் அப்பள்ளங்கள் 3. கோல்ட் கைத்துப்பாக்கியில் 6. கொலை வழக்குகளில் தடயவியல் நிபுணர்கள் செய்யும் ஒப்பீடுதான் இது. ஸ்காட் குழு இரண்டு உறைகளை ஒப்பீட்டு நுண்ணோக்கியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

ஒரே ஊசித்தடம் உள்ள உறைகள் இரண்டு இடங்களில் கிடைத்தால், அந்தத் துப்பாக்கி அங்கிருந்து இங்கே நகர்ந்திருக்கிறது என்று பொருள். வரைபடத்தில் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், நூறாண்டுக்கு முன் ஒருவர் ஓடிய வழி தெரியும்! முழுதும் பார்த்தபோது, பழங்குடி வீரர்களிடம் குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் பழைய துப்பாக்கி முதல் அடுத்தடுத்துச் சுடக்கூடிய ஹென்றி, வின்செஸ்டர் வரை பல வகை இருந்தது உறுதியானது. ஹென்றி உறைகள் குவிந்து கிடந்த ஒரு மேட்டுக்கு ஆய்வாளர்கள் ஹென்றிவில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே சுட்ட சில துப்பாக்கிகளின் தடம் பிறகு கஸ்டர் விழுந்த குன்றருகிலும் கிடைத்தது.

சிப்பாய்கள் பக்கம் வேறு கதை. கால்ஹூன் குன்றில் உறைகள் ஓரளவு ஒழுங்கான வரிசையில் கிடந்தன. அதாவது, ஆரம்பத்தில் அணிவகுத்து நின்று சுட்டிருக்கிறார்கள். அதன்பின் ஒழுங்கு குலைகிறது. கஸ்டர் விழுந்த கடைசிக் குன்றில் ராணுவ உறைகள் மிகக் குறைவு. கடைசித் தோட்டா வரை வீரமாக நின்ற காட்சியை ஓவியங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சிதான். அணி சிதைந்து பயந்து ஓடியதே நடந்தது என்று ஃபாக்ஸ் வாதிட்டார். லகோட்டா, ஷையன் சாட்சிகள் பலர் ஏற்கெனவே சொன்னதற்கு இது மிக நெருக்கமாக வருகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. அந்தக் குன்றுக்குத்தான் பார்வையாளர்கள் அதிகம். ஞாபகார்த்தமாக உறைகளைப் பொறுக்கிக்கொண்டு போனதால்கூட எண்ணிக்கை குறைந்திருக்கலாம் அல்லவா? இதை இனி யாராலும் முழுசாகத் தீர்க்க முடியாது. எடுத்த இடம் தெரியாத உறை வெறும் செப்புத் துண்டு. யாரோ ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனது ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை. நினைத்தாலே வயிறு எரிகிறது. 1979இல் வந்த தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூட்டரசு நிலத்தில் 100 ஆண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது குற்றம்.

எலும்புகளும் பேசின. 1890இல் சிப்பாய்கள் விழுந்த இடங்களில் வெள்ளைச் சலவைக்கற்களை நட்டபோது, 210 பேருக்கு 249 கற்கள் வைத்துவிட்டார்கள். ஜோடியாக நிற்கும் கற்களின் கீழே தோண்டியபோது, பெரும்பாலும் ஒரே ஆளின் எலும்புகளே இருந்தன. அப்படி ஓரிடத்தில் முகத்தெலும்புத் துண்டுகளும் பற்களும் கிடைத்தன. பற்கள் புகைக்குழாயைக் கடித்துத் தேய்ந்திருந்தன. அந்த எலும்புகளைப் பழைய புகைப்படத்தின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். பிரெஞ்சுத் தந்தைக்கும் சியூ பழங்குடித் தாய்க்கும் பிறந்து, கஸ்டருக்கு வழிகாட்டியாகப் போன மிட்ச் போயர் அவர்.

1991இல் கஸ்டரின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு ஆற்றின் பெயரை வைத்தார்கள். தங்கள் குடியிருப்பைக் காத்து விழுந்தவர்களுக்கோ அதுவரை ஒரு கல்கூட இல்லை. ஆனால் அவர்கள் விழுந்த இடங்களை உறவினர்கள் கற்குவியல் வைத்து அடையாளம் காட்டி, தலைமுறைகளாக நினைவில் வைத்திருந்தார்கள். 1999இல் முதல் சிவப்புக் கிரானைட் கற்கள், லேம் ஒயிட் மேன், நாய்சி வாக்கிங் என்ற இரண்டு ஷையன் வீரர்களுக்காக அங்கே நடப்பட்டன.