சீண்டலை எண்ணுவது எப்படி?

2005ஆம் கல்வியாண்டில் தன் பள்ளிகளில் 20,143 'இஜிமே' சம்பவங்கள் நடந்ததாக ஜப்பானியக் கல்வி அமைச்சகம் கணக்குக் காட்டியது. மாணவர்கள் சக மாணவரைச் சீண்டி, ஒதுக்கி, வதைப்பதற்கு அங்கே இஜிமே என்று பெயர். அடுத்த ஆண்டு அதே அமைச்சகம் வெளியிட்ட எண் 1,24,898. ஒரே ஆண்டில் ஆறு மடங்கு.

ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அந்த ஓராண்டில் பேய் பிடித்துவிடவில்லை. மாறியது அமைச்சகத்தின் படிவம். அதுவரை, தன்னைவிட எளியவரை ஒருதலைப்பட்சமாக, தொடர்ந்து தாக்கி, கடுமையாக வருத்தினால்தான் அது இஜிமே. 2006இல் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தி, பாதிக்கப்பட்ட பிள்ளையின் இடத்திலிருந்து பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை மனவேதனை அடைந்ததா என்பதே கேள்வியானது. தனியார் பள்ளிகளையும் கணக்கில் சேர்த்தார்கள். அட்டவணையின் தலைப்பில் 'நடந்தவை' என்று இருந்ததை 'தெரியவந்தவை' என்று திருத்தினார்கள். இந்தக் கடைசித் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. நடந்தது எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது, கண்ணில் பட்டதைச் சொல்கிறோம் என்று ஓர் அரசுத் துறை ஒப்புக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியமா?

2023ஆம் கல்வியாண்டில் அந்த எண் 7,32,568. இதை முழுக்கத் தலைகுனிவாக அமைச்சகம் பார்ப்பதில்லை. ஆசிரியர்கள் சின்னச் சின்னச் சீண்டல்களையும் கவனித்துப் பதிவு செய்கிறார்கள் என்பதே அதன் விளக்கம். ஆனால் கடுமையான சம்பவங்களும் அதே ஆண்டில் 1,306 என்ற, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டன. எல்லாப் பழியையும் படிவத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது.

'மூன்றில் ஒரு மாணவர் பாதிப்பு', 'ஐந்தில் ஓர் ஊழியர் பாதிப்பு' என்று செய்திகளில் வரும் எண்கள் இப்படித்தான் பிறக்கின்றன. எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று யாரோ ஒருவர் எங்கோ முடிவு செய்திருக்கிறார்.

அப்படி முதலில் முடிவு செய்தவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வேயஸ். சுவீடனில் பிறந்து, பிறகு நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். அவர் 1970களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆய்வைத் தொடங்கியபோது, 'மொப்பிங்' என்ற சொல் அங்கே ஏற்கெனவே பேச்சில் இருந்தது. பெரிய வேட்டைப் பறவையைச் சின்னப் பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து விரட்டுவதற்குப் பறவையியலில் உள்ள சொல் அது. பருந்தைக் கரிச்சான்கள் துரத்துவதை நம் ஊரில் பார்த்திருப்போம். 1969இல் ஹைனமன் என்ற சுவீடன் மருத்துவர் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்: ஒரு பிள்ளைமேல் ஒரு கூட்டமே பாய்வது. ஓல்வேயஸுக்கு இந்த உவமை ஒத்துவரவில்லை. அவர் பார்த்த வகுப்புகளில் கூட்டம் முழுவதும் பாயவில்லை. ஒருவனோ இரண்டு மூன்று பேரோதான், திரும்பத் திரும்ப, அதே பிள்ளையைத் தேடிப் போனார்கள்.

அதிலிருந்து அவர் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் பெரும்பாலான ஆய்வுகளின் அடித்தளம். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையில் வலிமை ஏற்றத்தாழ்வு இருப்பது. சம பலமுள்ள இருவர் கட்டிப் புரண்டால் அது சண்டை, இந்தக் கணக்கில் வராது.

1982இன் இறுதியில் நார்வேயின் வட பகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் வதையே காரணமாக இருக்கக்கூடும் என்ற செய்தி நாட்டை உலுக்க, 1983இல் அரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஓல்வேயஸின் வினாத்தாளை ஏறத்தாழ 1,30,000 மாணவர்கள் நிரப்பினார்கள். அவர்களில் 15 சதவீதத்தினர், அதாவது ஏழில் ஒருவர், இந்தப் பிரச்சினைக்குள் இருந்தார்கள். 9 சதவீதத்தினர் படுபவர்கள், 7 சதவீதத்தினர் செய்பவர்கள். இரண்டும் சேர்ந்து 16 ஆகிறதே என்றால், சிலர் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள். ஒருவனிடம் அடி வாங்கிவிட்டு இன்னொருவனைத் தேடிப் போகிறவர்கள்.

இனி வினாத்தாளின் திருகாணிகளைப் பார்க்கலாம். ஓல்வேயஸின் தாள், 'கடந்த இரண்டொரு மாதங்களில் எத்தனை முறை?' என்று கேட்கிறது. 'ஓரிரு முறை மட்டும்' என்பவரை இன்று பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 'மாதத்துக்கு இரண்டு மூன்று முறை' என்ற கட்டத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 44 நாடுகளில் ஏறத்தாழ 2,79,000 வளரிளம் பருவத்தினரிடம் 2021-22இல் நடத்திய ஆய்வில் இந்த அளவுகோலின்படி பள்ளியில் சீண்டலுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யுனெஸ்கோ 2019இல் உலக அளவில் சொன்ன எண் 32 சதவீதம். அங்கே கேட்கப்பட்டது, 'கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது?' நாடுகள் வேறு என்பது உண்மைதான். ஆனால் ஒன்பதில் ஒருவர் மூன்றில் ஒருவராக மாறியதில் அந்த 'ஒரு முறையாவது' என்பதற்கும் நல்ல பங்கு உண்டு.

இதைவிட வழுக்கலான திருகாணி, சொல். 2002இல் வெளியான 14 நாட்டு ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. குச்சி மனிதர்களை வைத்து வரைந்த 25 சிறு படங்களை எட்டு வயதினரிடமும் பதினான்கு வயதினரிடமும் காட்டி, 'உங்கள் ஊர்ச் சொல் இதற்குப் பொருந்துமா?' என்று கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் வெறும் சண்டையையும் வதையையும் ஒன்றாகப் போட்டார்கள். பதினான்கு வயதினர் பிரித்துச் சொன்னார்கள். மொழிக்கு மொழி எல்லையும் மாறியது. ஒரு மொழியின் சொல் அடி உதையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவதையும் அணைத்துக்கொள்கிறது.

தமிழில் இந்தத் தாளை அச்சடிப்பவர் என்ன சொல்லைப் போடுவார்? 'கேலி' என்றால் மாணவர்கள் எல்லாரும் கை தூக்குவார்கள். 'துன்புறுத்தல்' என்றால் போலீஸ் வழக்கு போல் ஒலிக்கும். பாதிப் பேர் 'இல்லை' என்பார்கள். வம்பிழுத்தல், சீண்டல், மிரட்டல், ஒதுக்கி வைத்தல் என ஒவ்வொன்றும் ஒரு மூலையைத்தான் தொடுகிறது. இலங்கைத் தமிழர்கள் ராகிங்குக்குப் புழங்கும் 'பகிடிவதை' எனக்குப் பொறாமை தரும் சொல். செய்பவருக்குப் பகிடி, படுபவருக்கு வதை. இரு தரப்பின் வாக்குமூலமும் ஒரே சொல்லில். ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்துவிட்ட சொல்லாகிவிட்டது. ஆறாம் வகுப்பு மாணவியிடம் அதை வைத்துக் கேட்க முடியாது.

வினாத்தாளே வேண்டாம், நேரில் பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள் கனடாவின் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்கும். 1990களில் டொரன்டோ பள்ளிகளில் மாணவர்களின் உடையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, தூரத்திலிருந்து விளையாட்டுத் திடலை வீடியோ எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக ஆறரைச் சம்பவங்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 38 வினாடி. ஒரு பையனின் தொப்பியைப் பறித்து, தலைக்கு மேல் வீசிப் பிடித்து, அழ வைத்துத் திருப்பிக் கொடுக்க அது தாராளமான நேரம். திடலின் மறுகோடியில் நிற்கும் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் தலையிட்டவை நூற்றுக்கு நான்கு. 'கண்ணில் பட்டால் கட்டாயம் தடுப்பேன்' என்று ஆசிரியர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளின் கண்ணில் பட்டிருந்தது. 85 சதவீதச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் ஏதோ ஒரு வகையில் உடனிருந்தார்கள். பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996இல் இந்த உடனிருப்பவர்களை வகை பிரித்தார். 573 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், யார் என்ன செய்வார் என்று ஒருவரைப் பற்றி ஒருவரிடம் கேட்டார். முன்னின்று செய்பவர்கள் 8 சதவீதம்தான். கைகொடுப்பவர்கள் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சிரித்தும் சத்தம் போட்டும் ஏற்றிவிடுபவர்கள் கிட்டத்தட்ட 20 சதவீதம். ஒதுங்கிப் போகிறவர்கள் 24. பரிந்து வருபவர்கள் 17. 'எத்தனை பேர் செய்கிறார்கள்?' என்ற கேள்விக்கு எட்டு என்றும் சொல்லலாம், முப்பத்தைந்து என்றும் சொல்லலாம். சிரித்தவனைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தது.

வலிமை என்ற நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கு ஐரோப்பிய வினாத்தாள்களில் அது பெரும்பாலும் உடல் பலம், வயது, செல்வாக்கு. நம்மிடம் வந்தால் அதன் முகவரி வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர், உடன் படித்தவர்களின் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட பிறகு, இரவில் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. 'உன்னைவிடப் பலசாலியா?' என்று மட்டும் கேட்கும் தாளில் அந்தக் கயிறு சிக்காது.

கல்லூரி ராகிங்கின் கணக்கு பெரும்பாலும் புகார்களின் கணக்கு. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் பேராதனையில் ஒரு முதலாண்டு மாணவர் இறந்த பிறகு, 1998இல் இலங்கை சட்டம் இயற்றியது. சட்டம் வந்தாலும் புகார் கொடுப்பவர் அதே விடுதிக்குத்தான் இரவு திரும்பிப் போக வேண்டும். ஆகவே புகார் குறைந்துவிட்டது என்ற செய்தியை நான் உடனே நம்புவதில்லை.

இணையத்துக்கு வந்தால் ஓல்வேயஸின் மூன்று நிபந்தனைகளில் இரண்டு ஆட்டம் காண்கின்றன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவியின் படத்தைக் கோரமாக மாற்றி ஒருவன் போடுகிறான். ஒரே ஒரு முறை. பிறகு மற்றவர்கள் அதை முன்னூறு முறை அனுப்புகிறார்கள். இது ஒரு முறையா, முன்னூறு முறையா? போட்டவன் வகுப்பிலேயே ஒல்லியானவன், பெயர் மறைத்துப் போட்டிருக்கிறான். வலிமை யார் பக்கம்? ஆய்வாளர்கள் இன்னும் இதில் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 80 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு அலசலில் நேரடிச் சீண்டலில் சம்பந்தப்பட்டவர்கள் சராசரியாக 35 சதவீதம், இணையவழியில் 15. இணையப் பூச்சாண்டி மிகைப்படுத்தப்பட்டது என்று ஓல்வேயஸ் 2012இல் எழுதினார். இணையத்தில் வதைபடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளியிலும் வதைபடுபவர்களே என்பது அவர் வாதம். புதிய பலிகள் குறைவு, பழைய பலிகளுக்கே வீட்டிலும் ஓய்வில்லை என்று அதைப் படிக்கலாம். எண் சிறியது என்பதால் வலி சிறியது என்று நான் படிக்க மாட்டேன். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்விலேயே இணையவழிச் சீண்டலுக்கு (இங்கே ஒரு முறையாவது) ஆளானவர்கள் 2018இல் மாணவர் 12, மாணவியர் 13 சதவீதமாக இருந்து, 2022இல் 15, 16 என்று ஏறியிருக்கிறார்கள்.

அலுவலகத்துக்கு வருவோம். 'மொப்பிங்' என்ற அதே பறவைச் சொல்லை 1980களில் சுவீடனில் ஹைன்ஸ் லேமன் பணியிடத்துக்குக் கொண்டுபோனார். அவர் 45 செயல்களைப் பட்டியலிட்டு, வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது நடந்தால்தான் கணக்கு என்றார். அந்தக் கண்டிப்பான வலையில் சுவீடன் ஊழியர்களில் 3.5 சதவீதத்தினர் விழுந்தார்கள். நேர் எதிர்முனையில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2022 அறிக்கை. 121 நாடுகளில் ஏறத்தாழ 75,000 பேரிடம், பணிவாழ்வில் எப்போதாவது வன்முறையோ தொல்லையோ நேர்ந்ததா என்று கேட்டார்கள். 22.8 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். உலக அளவில் அது சுமார் 74 கோடிப் பேர். வசை, மிரட்டல், அவமதிப்பு போன்ற மனரீதியான தொல்லை மட்டும் 17.9 சதவீதம். அனுபவித்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் நண்பரிடமோ வீட்டாரிடமோ.

நார்வேயின் நீல்சன், மத்தீசன், ஐனார்சன் மூவரும் 2010இல் செய்த தொகுப்பில் 1,30,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்கள் உள்ளன. வரையறை சொல்லாமல் 'உங்களை யாராவது வதைக்கிறார்களா?' என்று கேட்டால் 18.1 சதவீதம் ஆம். வரையறையைப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டால் 11.3. சொல்லையே எடுக்காமல், செயல்களின் பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொன்னால் 14.8.

இந்த மூன்று எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது, அந்த வகைப் பட்டியல்களில் ஒன்றை நானே நிரப்பியபோதுதான் புரிந்தது. 22 வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், 'ஒருபோதும் இல்லை' முதல் 'தினமும்' வரை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் கடைசி ஆறு மாதங்களை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை யாராவது வதைத்தார்களா என்று நேராகக் கேட்டிருந்தால் 'சேச்சே' என்றிருப்பேன். வேலைக்குத் தேவையான தகவலை மறைத்தல்: வாரந்தோறும். கருத்தைப் பொருட்படுத்தாமை: வாரந்தோறும். முடிக்க முடியாத கெடு விதித்தல்: மாதந்தோறும் என்று போட்டு, அடித்து, வாரந்தோறும் என்று மாற்றினேன். 11.3இல் நான் இல்லை, 14.8இல் இருக்கிறேன்.

அதே பட்டியலில் வேலை தொடர்பாகக் கேலிக்கும் அவமானத்துக்கும் ஆளாதல் என்றும் ஒரு வரி உண்டு. எனக்கு அது 'ஒருபோதும் இல்லை'. கணக்குப் பிரிவில் திக்கித் திக்கிப் பேசும் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் சொன்னதை மேலாளர் அதேபோல் திக்கித் திருப்பிச் சொல்வார். நாங்கள் ஆறு பேர் சிரிப்போம். அவர் இந்தத் தாளை நிரப்பியிருந்தால் அந்த வரியில் 'வாரந்தோறும்' கட்டத்தில் டிக் இருந்திருக்கும். சிரித்தவர்களுக்கான வரி எங்கே என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டும் பட்டவரிடம் கேட்கும் கேள்விகள்தாம்.